எங்கே நின்று கேட்கிறீர்களோ, அதுதான் உங்கள் கச்சேரி

“ராக் இசையை இதுவரை ஹெட்போனில் மட்டுமே கேட்டிருக்கிறேன். முதல் முறையாகப் பெங்களூரில் ஒரு பெரிய கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கூட வர ஆள் இல்லை. யூடியூபில் எல்லாமே கிடைக்கும்போது நேரில் போய் என்ன கிடைத்துவிடும்? முன்னால் போய் நிற்பதா, பின்னால் நிற்பதா? காது என்னவாகும்?” இதுதான் கேள்வி.

நடுவில் இருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கே நிற்பது என்பது பிடிபட்டுவிட்டால் மற்றவற்றுக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

இருபது வருடத்துக்கு மேலாகச் சென்னை, பெங்களூர், மும்பை என்று ராக் கச்சேரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கச்சேரியை ஆங்கிலத்தில் ‘கிக்’ (gig) என்று சொன்னால்தான் மரியாதை என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதுவும் கச்சேரிதான். போனதில் பாதி சுமார், கொஞ்சம் மோசம், சில மட்டும் இன்னும் உடம்பில் இருக்கின்றன. இத்தனை போனதில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: ஒரே மைதானத்தில், ஒரே இரவில், ஐம்பது மீட்டர் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு கச்சேரிகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இது எனக்குப் புரிந்தது 2007 மார்ச் 17 அன்று. இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் முதல் முறையாக இந்தியாவில் வாசித்த நாள், பெங்களூர் அரண்மனை மைதானம். முந்தின இரவு சென்ட்ரலில் பெங்களூர் மெயில் ஏறினோம், நான்கு பேர். நாங்கள் மட்டுமல்ல, பெட்டியில் பாதிப் பேர் கறுப்பு டி-ஷர்ட். எதிர் பெர்த்தில் இருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “பங்குனி மாசப் பூஜைக்கா தம்பி?” என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. கறுப்புச் சட்டை போட்ட பையன்கள் கூட்டமாக ரயில் ஏறினால் நம் ஊரில் வேறு என்ன நினைப்பார்கள்? எங்களில் ஒருவன் “ஆமாம் மாமா” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

மதியமே போய் வரிசையில் நின்றோம். கேட் திறந்ததும் ஓட்டம். நானும் இன்னொருவனும் முண்டியடித்து மேடைக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்புவரை போய்விட்டோம். மற்ற இரண்டு பேர், அதில் ஒருவன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன், நிதானமாக வந்து பின்னால் சவுண்ட் இன்ஜினியர் உட்காரும் கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். எங்களுக்கு அவர்களைப் பார்த்து இளக்காரம்.

தொடக்கத்தில் டெல்லியின் பரிக்ரமா குழு வாசித்தார்கள். அப்புறம் லாரன் ஹாரிஸ். மெய்டனின் பேஸ் கிட்டார் ஸ்டீவ் ஹாரிஸின் மகள். அதற்கப்புறம் மெய்டன். ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு காலை மேடை விளிம்பில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்மேல் தூக்கி வைத்து, பேஸ் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரிக் கூட்டத்தை நோக்கி நீட்டுவதைப் பத்தடித் தூரத்தில் பார்த்தேன். அவர் வலது கையில் வழிந்த வியர்வைகூடத் தெரிந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், பாடகர் புரூஸ் டிக்கின்சனின் குரல் எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. வாய் அசைந்தது. டிரம்மின் அடி நெஞ்சில் விழுந்தது. மூன்று கிட்டாரில் என் பக்கம் இருந்த ஒன்று மட்டும் தெளிவு. மீதியெல்லாம் என்னைச் சுற்றி நின்ற ஐந்நூறு பேர் தொண்டை கிழியப் பாடியதுதான். நம் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு குணம் உண்டு: பாட்டை மட்டும் பாடாது, கிட்டார் வாசிக்கும் ராகத்தையும் “ஓ… ஓ…” என்று சேர்த்துப் பாடும்.

திரும்பும் ரயிலில் கீபோர்டுக்காரன் மூன்று கிட்டாரும் எப்படி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கடுக்காக வந்தன என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் வியர்வையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோலார்பேட்டை தாண்டும்வரை சண்டை. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

ஏன் இப்படி? மைதானக் கச்சேரியில் நீங்கள் கேட்பது மேடையில் இருந்து வரும் சத்தம் அல்ல. மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் வளைவாகத் தொங்குகிற ஸ்பீக்கர் வரிசையிலிருந்து வருவது. அந்த வளைவு சத்தத்தைக் கூட்டத்தின் நடுவுக்கும் பின்னாலும் அனுப்புவதற்காகப் போட்டது. முன்வரிசைக்காரன் தலைக்கு மேலே அது போய்விடும். முன்னால் நிற்பவர்களுக்காக மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைப்பார்கள், அது ஏதோ ஆறுதலுக்கு. மற்றபடி அங்கே கேட்பது மேடையிலிருந்து நேராக வரும் டிரம், பக்கத்தில் இருக்கும் கிட்டாரின் ஆம்ப் (அதன் ஒலியைப் பெருக்கும் பெட்டி), தரையில் அடுக்கிய, பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியை மட்டும் தரும் சப்-ஊஃபர். குரலுக்கு மேடையில் ஆம்ப் கிடையாது. அதனால்தான் முதலில் தொலைவது குரல்.

சவுண்ட் இன்ஜினியர் கூடாரம் ஏன் கூட்டத்தின் நடுவே இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அவர் காதில் எப்படி விழுகிறதோ அதை வைத்துத்தான் ஒவ்வொரு குமிழையும் திருப்புகிறார். அவருக்கு நன்றாகக் கேட்டால் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் நன்றாகக் கேட்கும். காசு கொடுத்து மேடையை ஒட்டிய ‘ஃபேன் பிட்’ டிக்கெட் வாங்குகிறவர்கள் பார்ப்பதற்குக் காசு கொடுக்கிறார்கள், கேட்பதற்கு அல்ல. இது தெரிந்து வாங்கினால் குறை ஒன்றுமில்லை.

கூடாரத்தையும் தாண்டிப் பின்னால் போனால் வேறு சிக்கல். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம். பெரிய திரையில் டிரம்மரின் குச்சி விழுந்த பிறகு அடி கேட்கும். பெரிய மைதானங்களில் நடுவில் தனிக் கோபுரம் கட்டி ஸ்பீக்கர் வைத்து, மேடை ஒலி வந்து சேரும் நேரம் பார்த்து அதையும் அந்த அளவுக்குத் தாமதப்படுத்தியே ஒலிக்கவிடுவார்கள். கைத்தட்டலை மட்டும் யாராலும் சரிசெய்ய முடியாது. முன்வரிசை ஒரு தாளத்தில் தட்டும், பின்வரிசை ஒலி வந்து சேர்ந்த பிறகு தட்டும். நடுவில் நின்று கேட்டால் அலை அலையாக நழுவிக்கொண்டே போகும். எனக்கு அது பிடிக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். சப்-ஊஃபர்களை மேடையின் இரண்டு ஓரத்திலும் பிரித்து அடுக்கியிருந்தால், இரண்டுக்கும் சரிநடுவே கூட்டத்துக்குள் ஒரு நேர்கோடு மாதிரி பேஸ் எகிறிக் கிடக்கும். நாலைந்து அடி பக்கவாட்டில் நகர்ந்தால் திடீரென்று குறையும். இரண்டு பக்க அலைகளும் ஓரிடத்தில் சேர்கின்றன, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஆகவே “சவுண்ட் சரியில்லை” என்று சபிப்பதற்கு முன்னால் பத்தடி நகர்ந்து பாருங்கள். இந்தப் பத்தடியை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் பல இரவுகள் தப்பித்திருக்கும்.

2011 அக்டோபர் 30, அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா, அதே அரண்மனை மைதானம். தீபாவளி முடிந்து நாலாம் நாள். ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பும் நேரம், ரயிலில் டிக்கெட் கிடைத்ததே பெரும்பாடு. இரண்டு நாள் முன்னால் குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி, மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பு பாதுகாப்பாக இல்லை என்று கடைசி நேரத்தில் நின்றுபோய், கூட்டம் மேடையேறிச் சாமான்களை உடைத்த செய்தி வந்திருந்தது. பெங்களூரும் ரத்தாகிவிடுமோ என்று வழி முழுக்கப் பயம். ஆகவில்லை. மெட்டாலிகாவுக்கு இந்தியாவில் அதுதான் முதல் மேடை. இந்த முறை நான் நேராகப் போய் சவுண்ட் கூடாரத்துக்கு இடப்பக்கம் நின்றேன். ஹெட்போனில் பதினைந்து வருடமாகக் கேட்ட பாட்டுகள். அவற்றில் பேஸ் கிட்டார் தனியாக என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். ஆட்கள் விரற்கடை அளவுதான் தெரிந்தார்கள், முகம் பார்க்கத் திரைதான் கதி. ஆனாலும் அன்றைக்கு அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

ஆக, முதல் முறை போகிறவருக்கு என் யோசனை: முதல் நாலு பாட்டு முன்னால், அப்புறம் மெதுவாகப் பின்வாங்கிக் கூடாரத்துக்கு வந்துவிடுங்கள். எதிர்த்திசையில், பின்னாலிருந்து முன்னால், போகவே முடியாது. பின்வாங்குகிறவனுக்கு எல்லாரும் சந்தோஷமாக வழிவிடுவார்கள்.

இப்போது யூடியூப். நேரில் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பதை விளக்க எனக்கு ராக்கைவிடக் கோயில் திருவிழாதான் வசதி. சுவாமி புறப்பாட்டில் தவில்காரருக்கு நாலடி தள்ளி நின்றிருக்கிறீர்களா? காது கேட்கும் முன்பே வயிற்றில் ஓர் உதறல் வரும். அதே தவிலை ரேடியோவில் கேட்டால் தாளம் இருக்கும், அந்த உதறல் இருக்காது. தாழ்ந்த ஒலி உடம்பு வழியாகப் புகும். போன் ஸ்பீக்கருக்கும் சாதாரண ஹெட்போனுக்கும் அதைத் தருகிற வல்லமை இல்லை. அதே காரணத்தால்தான் நீங்கள் போனில் பதிவு செய்யும் வீடியோவும் வீட்டுக்கு வந்து போட்டால் தகர டப்பாவில் கல் உருட்டியது மாதிரி இருக்கிறது. ஒரு பாட்டில் பாதி எடுங்கள், போதும், பையில் போடுங்கள்.

இன்றைக்கு இருப்பது மாதிரி ஒலிபெருக்கி வசதி இல்லாத காலத்தில் இந்த அளவு கூட்டத்தில் எதுவும் சரியாகக் கேட்காது என்பதையும் மறந்துவிடுகிறோம். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் முன்னால் வாசித்தபோது, கூட்டத்தின் கூச்சலில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. பாடகருக்கு அவர் குரலைத் திருப்பிக் காட்டும் மானிட்டர் ஸ்பீக்கர் அப்போது கிடையாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டோடு கச்சேரிப் பயணத்தையே விட்டுவிட்டார்கள். இன்றைக்குக் கூடாரத்தில் இருக்கும் மனிதரும், தொங்கும் ஸ்பீக்கரும், மேடை விளிம்பில் ஹாரிஸ் காலை வைக்கும் அந்த மானிட்டர் பெட்டியும் எல்லாம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தவை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் ராக் கச்சேரி நேரத்துக்கு முடிந்துவிடும். இசைக்காரர்கள் ஒழுக்கமானவர்கள் என்பதால் அல்ல, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால். மும்பையில் ரங் பவன் என்று ஒரு திறந்தவெளி அரங்கு. 1986-இல் இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற இசை விழா தொடங்கியதே அங்கேதான். சுற்றிலும் மருத்துவமனையும் கல்லூரியும் இருப்பதால் அமைதிப் பகுதி என்று சொல்லிப் பின்னாளில் அதில் கச்சேரியே நின்றுபோனது. எனவே டிக்கெட்டில் மாலை 4 மணி என்றால் சினிமாக் கணக்கில் ஒரு மணிநேரம் கழித்துப் போகாதீர்கள். பெரிய குழு எட்டு மணிக்கெல்லாம் மேடையில் இருக்கும்.

சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணம் முதலில் வாசிக்கும் உள்ளூர்க் குழுக்கள். இவர்களுக்கு நடப்பது கொஞ்சம் அநியாயம்தான். கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கைப் பெரிய குழு முதலில் செய்துகொள்ளும். மிச்ச நேரம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. பெரிய குழுவின் டிரம் செட்டை நகர்த்த முடியாது, அதற்கு முன்னால் இருக்கும் ஒடுங்கிய இடத்தில் இவர்கள் ஐந்து பேரும் நெருக்கியடித்து நிற்க வேண்டும். ஒலி அளவும் பல சமயம் குறைவு. அதனால் முதல் குழு சோகையாகக் கேட்டால் அவர்கள் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்து சின்ன இடத்தில் அவர்கள் வாசிக்கும்போது போய்க் கேளுங்கள்.

எனக்கு மைதானங்களைவிடச் சின்ன இடங்கள்தான் பிடிக்கும், இதையும் சொல்லிவிடுகிறேன். ஐஐடி சென்னையின் திறந்தவெளி அரங்கில், மரங்களுக்கு நடுவே, படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் கல்லூரியின் சாரங் விழா ராக் இரவுகளைக் கேட்ட தலைமுறை எங்களுடையது. அதைவிடச் சின்னது அடையாறு அன்வைண்ட் சென்டர். அங்கே ஒரு மாலை நூறு பேருக்கும் குறைவு, மின்விசிறிக் காற்று போதாமல் எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது. பாட்டின் நடுவில் கிட்டார்காரப் பையனுக்குக் கம்பி அறுந்தது. மாற்றுக் கிட்டார் இல்லை. அவன் திரும்பி டிரம்மரைப் பார்த்தான், அவ்வளவுதான். டிரம்மர் பாட்டை நிறுத்தாமல் தாளத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போக, பேஸ்காரர் இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பையன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பழைய கம்பியைப் பிய்த்து, புதியதைக் கோர்த்து, சாவியைச் சுற்றினான். முன்வரிசையில் ஒரு பெண் போன் வெளிச்சம் பிடித்தாள். சுருதி சேர்ந்ததும் எழுந்து நின்று விட்ட இடத்திலிருந்து பிடித்தான். அந்த நாலு நிமிடமும் ஒரு இழுவிசைதான் பாட்டாக இருந்தது. அரங்கில் யாரும் மூச்சுவிட்டது மாதிரி தெரியவில்லை. இது எந்த ஸ்டேடியத்திலும் நடக்காது. அங்கே கம்பி அறுந்தால் ஐந்து நொடியில் உதவியாளர் வேறு கிட்டாரைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார்.

சென்னையில் நான் பார்த்தவற்றில் உச்சம் எது என்று கேட்டால், 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதன்முதலாக மேடையேறிய நாள் என்பேன். இதை ராக் என்று சொல்லலாமா என்று என் மெய்டன் நண்பர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம் செட்டும் ஒரு பக்கம், பறையும் சட்டி மேளமும் மறுபக்கம், நடுவில் கானா பாடகர்கள். தென்மா இசையைக் கோர்த்திருந்தார், பின்னால் பா. ரஞ்சித். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த தோலிசை அத்தனை பெரிய ஸ்பீக்கரில் வந்து நெஞ்சில் மோதியபோது, பக்கத்தில் பேரனைத் தோளில் வைத்திருந்த ஒரு தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கால் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எங்கே நின்றேன், சவுண்ட் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. இத்தனை நேரம் நான் சொன்ன விதிக்கு இது விலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சபாக் கச்சேரிக்குப் போய்ப் பழகியவராக இருந்தால் ஒன்று உடனே புரியும். அங்கே தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபா கேன்டீனுக்குக் கிளம்புமே, இங்கே டிரம் சோலோ தொடங்கியதும் பாதி மைதானம் கழிப்பறைக்குக் கிளம்பும். இரண்டு இடத்திலும் நான் உட்கார்ந்திருக்கும் கட்சி. ஆனால் வரிசை குறைவாக இருக்க வேண்டும் என்றால் டிரம் சோலோவில் போகாதீர்கள், அதற்கு முந்தின பாட்டில் போங்கள். அப்புறம் ‘என்கோர்’. விடைபெற்றுப் போய், கூட்டம் கத்தியதும் திரும்பி வந்து இரண்டு பாட்டு வாசிப்பார்களே, அது முன்பே பட்டியலில் எழுதியிருப்பதுதான். ஏமாறவும் வேண்டாம், தொண்டை வற்றக் கத்தவும் வேண்டாம். மைதானத்தின் பெரிய விளக்குகள் அணைந்தே இருந்தால் வருவார்கள். விளக்கு எரிந்து, ஸ்பீக்கரில் ஏதோ பதிவு செய்த பாட்டு ஓட ஆரம்பித்தால் முடிந்தது, கிளம்பலாம்.

காது. இதில் நான் விளையாட மாட்டேன். 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ குழு 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இதைப் பார்த்துப் போட்டி போட்டுக் காதைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று கின்னஸ் பிறகு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் காது கேட்பதில் வந்த பாதிப்பைப் பற்றி வெளிப்படையாகவே பேசியவர். கணக்கு எளிது. 85 டெசிபலில் எட்டு மணிநேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் வந்தால் பதினைந்து நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கச்சேரி அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பு சராசரி 100 டெசிபல். நீங்கள் நிற்கப்போவதோ இரண்டு மணிநேரம். உள்காதின் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. மறுநாள் காலை காதில் ‘ஞொய்’ என்று ஓர் இரைச்சல் இருக்குமே, இளவயதில் அதை நாங்கள் பதக்கம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தோம். என் இடது காதில் அது இப்போது நிரந்தரக் குடித்தனம். இரவு ஃபேன் நின்றால் தெளிவாகக் கேட்கும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். ஆனால் வைக்கிற விதத்தில் இருக்கிறது விஷயம். சும்மா வாசலில் செருகினால் பயனில்லை. கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு விரலுக்கு நடுவே அதை ஊதுவத்திக் குச்சி மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பிடித்து மேலேயும் பின்னாலும் இழுங்கள், காதுக்குழாய் நேராகும். இப்போது உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். அது விரிந்து அடைத்துக்கொள்ளும். நுரை வகை மேல்சுரங்களை அதிகம் தின்றுவிடும், பாட்டு கம்பளிக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த வகை கிடைக்கிறது, விலை கூட. அது எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். நீங்கள் தொடர்ந்து போகப்போகிறவர் என்றால் அதை வாங்கிவிடுங்கள். எப்படியும் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

கூட்டம். மாஷ் பிட், அதாவது கூட்டத்துக்குள் வட்டம் கட்டி ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் இடம், பார்ப்பதற்குக் கலவரம் மாதிரி இருக்கும், உள்ளே ஒழுங்கு உண்டு. முட்டுவார்கள், தள்ளுவார்கள். எவனாவது கீழே விழுந்தால் அடுத்த நொடி நாலு கை நீண்டு தூக்கிவிடும். ஷூ லேஸை இரட்டை முடிச்சுப் போடுங்கள், கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், முழங்கையை இறக்கி வையுங்கள். வேண்டாம் என்றால் வட்டத்தின் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள், யாரும் இழுக்க மாட்டார்கள்.

நான் பயப்படுவது அந்த வட்டத்துக்கு அல்ல, அசையாமல் இறுகும் கூட்டத்துக்கு. 1979 டிசம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டியில், இதே தி ஹூ கச்சேரிக்கு, இடம் குறிக்காத டிக்கெட். திறந்திருந்த கதவுகளோ கொஞ்சம். உள்ளே சவுண்ட் செக் சத்தம் கேட்டதும் கச்சேரியே தொடங்கிவிட்டது என்று நினைத்து நெருக்கியதில் 11 பேர் இறந்தார்கள். 2000-இல் டென்மார்க்கின் ராஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசிக்கும்போது மேடைக்கு முன்னால் 9 பேர். இப்படிப்பட்ட இடங்களில் உயிரை எடுப்பது பெரும்பாலும் மிதி அல்ல, நெரிசல். நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. உங்கள் கையை நீங்களே உயர்த்த முடியவில்லை என்றாலோ, நீங்கள் நடக்காமலேயே உடம்பு நகர்கிறது என்றாலோ, பாட்டு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் கிளம்புங்கள். குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு முன்கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள். தள்ளு அலையாக வரும். அதை எதிர்த்துத் தள்ளாமல், அலை தணியும் நேரம் பார்த்துக் குறுக்குவாட்டில் ஓரம் பார்த்து நகருங்கள். கீழே விழுந்த போனை எடுக்கக் குனியவே குனியாதீர்கள்.

தனியாகப் போவது? தாராளமாகப் போங்கள். நாலு பேராகப் போனால் ஒருவனுக்குத் தண்ணீர், ஒருவனுக்குச் சிகரெட், ஒருவனுக்கு முன்னால் போக வேண்டும், பாதிக் கச்சேரி ஒருவரையொருவர் தேடுவதில் போகும். தனியாக இருந்தால் அந்தப் பத்தடியை நகர யாரையும் கேட்க வேண்டாம். போன் சிக்னல் கூட்டத்தில் படுத்துவிடும், அதனால் டிக்கெட்டை முன்பே படம் எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள், திரும்பும் வழியைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உள்ளே இருக்கும் விலைக்கு ஒரு வேளை சாப்பாட்டை இரண்டாகப் பங்கிட்டாலும் கட்டாது. பெல்ட், சில்லறை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாசலில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஒரு கச்சேரியில் என் அப்பா கொடுத்த தோல் பெல்ட்டைக் குவியலில் போட்டுவிட்டு, திரும்பி வந்து நூறு பெல்ட்டுக்கு நடுவே அரைமணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் வேறு யாருடையதோ ஒன்றைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

டி-ஷர்ட் வாங்குவதாக இருந்தால் உள்ளே போகும்போது வாங்காதீர்கள். வெளியே வரும்போது வாசலில் அதே ஆட்கள் சொன்ன விலையில் பாதிக்கு இறங்கி வருவார்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், முதல் துவைப்பிலேயே சுருங்கும். கறுப்பு என்பதால் தனியாகத் துவையுங்கள், என் அம்மாவின் வெள்ளைப் புடவை ஒன்று அப்படித்தான் சாம்பலாகப் போனது.